புது டிவிக்காக ஏவி ரிசீவரையும் மாத்தணுமா? ஜிபிபிஎஸ் கணக்க நீங்களே போட்டுப் பாக்கற வழி

போன மாசம் என் மச்சான் போன் பண்ணி, புதுசா 120 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 120 பிரேம் காட்டற) ஓஎல்இடி டிவி வாங்கப் போறேன், கடைக்காரர் உங்ககிட்ட இருக்கற ரிசீவர் (பிளேயர், பாக்ஸ் எல்லாத்தையும் மாட்டி, படத்த டிவிக்கும் சவுண்ட ஸ்பீக்கருக்கும் அனுப்பற பெட்டி) 18 ஜிபிபிஎஸ்தான் (ஒரு ஜிபிபிஎஸ்னா செகண்டுக்கு நூறு கோடி பிட்டு) தாங்கும், இந்த டிவிக்கு 48 வேணும், அதனால ரிசீவரையும் சேத்து மாத்திடுங்கன்னு சொல்றாரு, என்ன பண்ணன்னு கேட்டான். அவன் ரிசீவர் 2018ல வாங்கினது, 7 ஸ்பீக்கர் ஓட்டும், அட்மாஸ் (மேலேந்தும் சவுண்டு வர்ற டால்பி முறை) இருக்கு, சவுண்டுல ஒரு குறையும் கிடையாது. மாத்தாதன்னு சொல்லிட்டு, ஏன்னு விளக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அதே கேள்வி நிறைய பேருக்கு இருக்குங்கறதால அவனுக்குச் சொன்னத இங்க முழுசா எழுதறேன். ஒரு தடவ இந்தக் கணக்கு புரிஞ்சிட்டா அப்புறம் எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

முதல்ல ஒரு குழப்பத்தத் தீத்துடலாம். நெட்பிளிக்ஸ் 4கேக்கு 15 எம்பிபிஎஸ் போதும்னு சொல்றாங்க, 4கே ப்ளூரே டிஸ்க்கே அதிகபட்சம் 128 எம்பிபிஎஸ்தான், அப்புறம் எதுக்கு எச்டிஎம்ஐ கேபிள்ல 18 ஜிபிபிஎஸ், 48 ஜிபிபிஎஸ்ன்னு பேசறாங்கன்னு பல பேர் கேக்கறாங்க. ஸ்ட்ரீமிங்லயும் டிஸ்க்லயும் வர்றது சுருக்கி மடிச்சு வச்ச வீடியோ. அத பிளேயரோ பாக்ஸோ விரிச்சு, ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் என்னன்னு தனித்தனியா எச்டிஎம்ஐ வழியா அனுப்புது. அதனால படம் எந்த இணைய வேகத்துல வருதுங்கறதுக்கும் கேபிள்ல எவ்வளவு ஓடுதுங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. கேபிள்ல ஓடறத தீர்மானிக்கறது மூணே விஷயம்: எத்தன புள்ளி, செகண்டுக்கு எத்தன பிரேம், ஒரு புள்ளிக்கு எத்தன பிட்டு.

இப்ப கணக்குக்கு வாங்க, பயப்படாதீங்க, வெறும் பெருக்கல்தான். 4கேன்னா 3840க்கு 2160. ஆனா கேபிள்ல படத்துக்கு சுத்தியும் கொஞ்சம் காலி இடம் சேந்து போகும், அதுக்கு பிளாங்கிங்னு பேரு, சவுண்டும் அந்த இடத்துலதான் ஏறிப் போகுது. அதையும் சேத்தா 4400க்கு 2250, அதாவது ஒரு பிரேமுக்கு 99 லட்சம் புள்ளி. செகண்டுக்கு 60 பிரேம்னா 59 கோடியே 40 லட்சம். புள்ளிக்கு 24 பிட்டு, அதாவது 8 பிட் கலர் மூணு, வச்சா 14.26 ஜிபிபிஎஸ். எச்டிஎம்ஐ 2.0 வரைக்கும் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டா மாத்தித்தான் அனுப்புவாங்க, அதனால அது 17.82 ஆகுது. 2013ல வந்த எச்டிஎம்ஐ 2.0க்கு 18 ஜிபிபிஎஸ்னு ஏன் வச்சாங்கன்னு இப்ப புரியுதா, 4கே 60 சரியா உள்ள உக்காரற மாதிரி அளந்து வச்சிருக்காங்க.

அடுத்து சினிமா. சினிமா செகண்டுக்கு 24 பிரேம்தான், அது 4கே ஆனாலும் எச்டிஆர் ஆனாலும் டால்பி விஷன் ஆனாலும் 24தான். ஒரு 4கே டிஸ்க் பிளேயர் வழக்கமா அனுப்பற 12 பிட் 4:2:2 (கலர் விவரத்த கொஞ்சம் குறைச்சு அனுப்பற முறை) சிக்னலுக்கு, 24 பிரேம்ல பிளாங்கிங் மேல சொன்னத விட அதிகமா சேந்தும், மொத்தமே 9 ஜிபிபிஎஸ் கிட்டதான் ஆகும், கலர எதுவுமே குறைக்காம 12 பிட்டுல முழுசா அனுப்பினாக்கூட 13.4தான் வரும். ஆக 2018 ரிசீவரோட 18ல பாதிதான் சினிமாவுக்குச் செலவாகுது, மீதி சும்மா கிடக்குது. டிவி எவ்வளவு பெருசானாலும் எவ்வளவு புதுசானாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏன்னா டிவி புதுசாகுதே தவிர டிஸ்க்ல இருக்கற படம் அதே 24 பிரேம்தான். இந்த ஒரு விஷயத்த மட்டும் புரிஞ்சிக்கிட்டா பாதிப் பேர் ரிசீவர மாத்தற எண்ணத்தையே விட்டுடுவாங்க.

அப்ப 48 ஜிபிபிஎஸ் யாருக்குத்தான் வேணும்னா, கேம் விளையாடறவங்களுக்கு. 4கே 120 ஹெர்ட்ஸ் 10 பிட்டுன்னு போட்டுப் பாருங்க, 99 லட்சம் பெருக்கல் 120 பெருக்கல் 30, 35.64 ஜிபிபிஎஸ் வருது. 2017 நவம்பர்ல வந்த எச்டிஎம்ஐ 2.1ல அனுப்பற முறையே மாறிடுச்சு, 16 பிட்ட 18 பிட்டா மாத்தறாங்க, அதனால வீணாப் போறது கம்மி. அதையும் சேத்தா 40 ஜிபிபிஎஸ ஒட்டி நிக்குது, பிளாங்கிங் பகுதிய சுருக்கி அனுப்ப முடியறதால 40க்குள்ளயே அடங்கிடுது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் அனுப்பறதே 40 ஜிபிபிஎஸ்தான். பிஎஸ்5 அதவிடக் கம்மி, 32, அதனாலதான் அது 4கே 120ல கலர 4:2:2ன்னு கொஞ்சம் குறைச்சு அனுப்புது. இத எதுக்குச் சொல்றேன்னா, ரிசீவர் ஸ்பெக்ல 40ன்னு போட்டிருந்தா ஐயோ 48 இல்லையேன்னு தயங்க வேண்டாம், இன்னைக்கு இருக்கற கன்சோல்ல அதுக்கு மேல அனுப்பறது ஒண்ணும் கிடையாது. ஆனா 24ன்னு போட்டிருந்தா உஷாராயிடுங்க, அதுல 4கே 120 ஓடும், ஆனா கலர 4:2:0ன்னு பாதிக்குப் பாதி குறைச்சாதான் ஓடும்.

அப்புறம் பெட்டி மேல எச்டிஎம்ஐ 2.1ன்னு எழுதியிருக்கறத மட்டும் நம்பி வாங்காதீங்க. அந்த நம்பர்ல இருக்கற வசதி எல்லாமே விருப்பப்பட்டா வைக்கலாம்ங்கற மாதிரிதான், 2.0ன்னு தனியா ஒரு லேபிளே இப்ப கிடையாது, அதனால 18 ஜிபிபிஎஸ் மட்டுமே தாங்கற பொருளுக்குக்கூட 2.1ன்னு போட முடியும். எத்தன ஜிபிபிஎஸ், 4கே 120 உண்டா, விஆர்ஆர் (கேமோட பிரேம் வேகத்துக்கேத்தபடி டிவியும் மாறிக்கறது) உண்டா, இ-ஆர்க் (டிவி சவுண்ட ரிசீவருக்குத் திருப்பி அனுப்பறது, கீழ விளக்கறேன்) உண்டான்னு ஒவ்வொண்ணையும் தனியாக் கேளுங்க, கேட்டுட்டு எந்த இன்புட்ல உண்டுன்னும் கேளுங்க. டெனான் எக்ஸ்2800எச்-ல 6 இன்புட்ல 3தான் 40 ஜிபிபிஎஸ், எக்ஸ்3800எச்-ல 6லயும் உண்டு. இத மேனுவல்ல பின்பக்கப் படத்தோட போட்டிருப்பாங்க, வாங்கறதுக்கு முன்னாடியே மேனுவல டவுன்லோட் பண்ணிப் பாத்துடலாம்.

இப்ப என் சொந்த அனுபவம் ஒண்ண சொல்லணும், ஏன்னா ஜிபிபிஎஸ் மட்டுமே எல்லாம் இல்லங்கறத நான் காசு குடுத்துக் கத்துக்கிட்டேன். 2014ல எதிர்காலத்துக்கும் சேத்து வாங்கிடுவோம்னு நினைச்சு, 4கே 60 முழுசாப் போகும்னு பெட்டியில பெருசா போட்டிருந்த ஒரு ரிசீவர வாங்கினேன். அந்த நேரத்துல என் வீட்ல 4கே டிவியே கிடையாது. ரெண்டு வருஷம் கழிச்சு 4கே டிவி வந்துச்சு, 4கே டிஸ்க் பிளேயரும் வந்துச்சு, எல்லாத்தையும் மாட்டி ஆன் பண்ணினா படம் 1080பிக்கு இறங்கிடுச்சு. ஒரு வாரம் கேபிள மாத்தி மாத்திப் பாத்துட்டு அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ரிசீவர்ல எச்டிசிபி 2.2 இல்ல. அது காப்பிரைட் பூட்டு மாதிரி, வழியில இருக்கற எல்லாப் பெட்டியும் அந்தச் சாவிய வச்சிருந்தாதான் 4கே போகும். அந்த வருஷம் வந்த ரிசீவர்ல பாத்தீங்கன்னா சிலதுல வேகம் இருக்கும் பூட்டுச் சாவி இருக்காது, சிலதுல சாவி இருக்கும் வேகம் 10.2தான் இருக்கும். 24 பிரேம் டிஸ்க்குக்கு 10.2 வேகமே போதும்னு மேல போட்ட கணக்கு சொல்லுது பாருங்க, நான் வேகத்தப் பாத்து வாங்கினேன், என்ன மறிச்சது சாவி.

நல்ல வேளையா என் பிளேயர்ல ரெண்டு எச்டிஎம்ஐ அவுட்புட் இருந்துச்சு, ஒண்ண நேரா டிவிக்கு படத்துக்காக, இன்னொண்ண ரிசீவருக்கு சவுண்டுக்காக. அப்படியே 4 வருஷம் ஓட்டினேன், ஒரு சொட்டு தரம் குறையல. அதுலதான் எனக்கு இந்த வழியே புரிஞ்சுது: ரிசீவருக்கு வேண்டியது சவுண்டு, படம் அது வழியாத்தான் போகணும்னு ஒரு கட்டாயமும் கிடையாது.

சரி, செய்முறைக்கு வரேன். ஒரு பேப்பர எடுத்து உங்க வீட்ல டிவில மாட்டற எல்லாத்தையும் எழுதுங்க. டிடிஎச் பாக்ஸ், பயர் டிவி ஸ்டிக், ஆப்பிள் டிவி, டிஸ்க் பிளேயர், கன்சோல், கம்ப்யூட்டர். பக்கத்துல ஒவ்வொண்ணும் அதிகபட்சம் என்ன அனுப்பும்னு எழுதுங்க. டிடிஎச் பாக்ஸ், ஸ்டிக், ஆப்பிள் டிவி எல்லாம் 4கே 60ஓட நின்னுடும், 18 போதும். டிஸ்க் பிளேயர் சொல்லவே வேணாம். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கூட டிவில 4கே 60தான். 18அ தாண்டறது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர், இந்த மூணுதான். உங்க லிஸ்ட்ல இந்த மூணும் இல்லன்னா வேலை இங்கயே முடிஞ்சுது, ரிசீவர் அப்படியே இருக்கட்டும், டிவிய மட்டும் மாத்துங்க.

அந்த மூணுல ஒண்ணு இருந்தா அத மட்டும் பிரிச்சு நேரா டிவில மாட்டுங்க. சவுண்டு டிவிலேந்து இ-ஆர்க் வழியா ரிசீவருக்குத் திரும்பி வரட்டும். இ-ஆர்க்ன்னா டிவி சவுண்ட அதே எச்டிஎம்ஐ கேபிள்ல எதிர்த்திசையில அனுப்பறது. பழைய ஆர்க்ல கம்ப்ரஸ் பண்ணின 5.1, நெட்பிளிக்ஸ் மாதிரி ஆப்ல வர்ற அட்மாஸ், இதுதான் போகும். இ-ஆர்க்ல சுமார் 37 எம்பிபிஎஸ் வரைக்கும் போறதால டிஸ்க்ல வர்ற ட்ரூஎச்டி, டிடிஎஸ் எச்டி மாஸ்டர் மாதிரி முழுத் தர சவுண்டு, கம்ப்ரஸ் பண்ணாத 7.1 எல்லாமே போகும். டிவி ரெடியா இருந்தாப் போதாது, ரிசீவர்லயும் இ-ஆர்க் இருக்கணும். 2018, 2019 வாக்குல வந்த சில ரிசீவருக்கு சாப்ட்வேர் அப்டேட்லயே இ-ஆர்க் குடுத்தாங்க, அதனால உங்க மாடலுக்கு அப்டேட் வந்திருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க, மச்சானுக்கு அப்படித்தான் கிடைச்சுது.

இதுல ரெண்டு மூணு இடத்துல மாட்டிக்குவீங்க, அத முன்னாடியே சொல்லிடறேன். டிவில இ-ஆர்க் போர்ட்டு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். சோனி டிவி பலதுல 4கே 120 தாங்கற போர்ட்டு மொத்தமே ரெண்டு, அதுல ஒண்ணுதான் இ-ஆர்க்கும். ரிசீவர அதுல மாட்டினா மிச்சம் ஒண்ணுதான், வீட்ல பிஎஸ்5உம் எக்ஸ்பாக்ஸும் ரெண்டும் இருந்தா இடிக்கும். எல்ஜி சி சீரிஸ் ஓஎல்இடில 4 போர்ட்டுமே 4கே 120 தாங்கும், அதுல இந்தத் தொல்லை கிடையாது. ரிசீவர மாத்தறதுக்கு ஆகற செலவ யோசிச்சா, டிவி தேர்ந்தெடுக்கும்போதே போர்ட்டு எண்ணிப் பாக்கறது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணு டிடிஎஸ். சாம்சங் டிவி டிடிஎஸ்ஸ எடுத்துக்காது, எல்ஜில 2020லேந்து 2022 வரைக்கும் வந்த மாடல்ல கிடையாது, 2023ல சி3, ஜி3ல திரும்பக் குடுத்தாங்க. டிஸ்க்கு நிறைய வச்சிருக்கறவங்க டிஸ்க் பிளேயர டிவில மாட்டினா சில படத்துல சவுண்டே வராம உக்காந்திருப்பீங்க. அதனால டிஸ்க் பிளேயர் எப்பவும் ரிசீவர்லயே இருக்கட்டும், அதுக்கு 9 ஜிபிபிஎஸ்தான் வேணும்னு மேலயே பாத்தோம். ஆக பழைய ரிசீவரும் புது டிவியும் இருக்கற வீட்ல வயர் இப்படித்தான் ஓடணும்: டிஸ்க் பிளேயர், டிடிஎச் பாக்ஸ், ஸ்டிக் எல்லாம் ரிசீவருக்குள்ள, ரிசீவர்லேந்து ஒரே கேபிள் டிவியோட இ-ஆர்க் போர்ட்டுக்கு, கன்சோல் மட்டும் தனியா டிவியோட 120 ஹெர்ட்ஸ் போர்ட்டுக்கு. படம் ரிசீவர்லேந்து டிவிக்குப் போற அதே கேபிள்லயே கன்சோல் சவுண்டு திரும்பி வந்துடும், கூடுதலா ஒரு கேபிள்கூட வேணாம்.

கன்சோல் நேரா டிவில இருக்கறதுல இன்னொரு நிம்மதியும் இருக்கு. 2020 கடைசில 4கே 120 தாங்கும்னு வந்த முதல் செட் ரிசீவர்கள் சிலதுல இருந்த எச்டிஎம்ஐ சிப்புல கோளாறு, எக்ஸ்பாக்ஸ்லேந்து 4கே 120 போட்டா திரை கறுப்பா நின்னுடும். அப்புறம் கம்பெனிகள் போர்டு மாத்திக் குடுத்தும் இடையில மாட்ட ஒரு குட்டிப் பெட்டி குடுத்தும் சரி பண்ணினாங்க. எதிர்காலத்துக்குன்னு முதல் ஆளாப் போய் வாங்கினவங்கதான் அதுல சிக்கினாங்க. என் 2014 கதையும் இதே ஜாதிதான். ஒரு புது எச்டிஎம்ஐ நம்பர் வந்த முதல் வருஷத்துல ரிசீவர் வாங்காதீங்க, ரெண்டு வருஷம் விட்டு வாங்குங்க, இதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன்.

8கே வந்தா என்ன பண்றதுன்னு கேப்பீங்க. 8கேன்னா பிளாங்கிங் சேக்காம 3 கோடியே 30 லட்சம் புள்ளி, 4கே மாதிரி 4 மடங்கு. ஜப்பான்ல என்எச்கே 2018 டிசம்பர் 1லேந்து 8கே சேனலே நடத்துது. ஆனா அந்த சேனலுக்கான ட்யூனர் பெரும்பாலும் டிவிக்குள்ளயே வரும், யூடியூப்ல 8கே பாத்தாலும் ஆப் டிவிக்குள்ளதான் இருக்கு. ரெண்டுமே ரிசீவர் வழியாப் போறதில்ல, சவுண்டு மட்டும் இ-ஆர்க்ல வந்துடும். 8கே டிஸ்க்குன்னு ஒண்ணு கடைக்கு வரவே இல்ல. அதனால 8கேவ மனசுல வச்சு ரிசீவர் வாங்கறதுக்கு எனக்கு ஒரு காரணமும் தெரியல.

2025 ஜூன்ல எச்டிஎம்ஐ 2.2 வந்துச்சு, 96 ஜிபிபிஎஸ், 4கே 240 மாதிரி வேகத்துக்கு. அதுல எனக்குப் பிடிச்சது அந்த 96 இல்ல, எல்ஐபின்னு ஒரு வசதி. ஒவ்வொரு பெட்டியும் தனக்கு எவ்வளவு நேரம் தாமதமாகுதுன்னு அடுத்ததுக்குச் சொல்லும், அதனால கன்சோல், ரிசீவர், டிவின்னு மூணு பெட்டி தாண்டிப் போனாலும் வாயசைவும் பேச்சும் ஒட்டி வரும். ஹோம் தியேட்டர் வச்சிருக்கறவங்க நிஜமாவே படற கஷ்டம் இதுதான். ஆனா சங்கிலியில எல்லாப் பெட்டியும் அதப் புரிஞ்சிக்கணும், அதுக்கு இன்னும் வருஷங்கள் ஆகும். அது வரைக்கும் ரிசீவர் மெனுல ஆடியோ டிலேன்னு இருக்கறத 10 மில்லிசெகண்டா ஏத்தி இறக்கி, நியூஸ் வாசிக்கறவங்க வாயப் பாத்து சரி பண்ணிக்கலாம்.

புரொஜெக்டர் வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் நான் வேற மாதிரி சொல்லுவேன். நிறைய புரொஜெக்டர்ல இ-ஆர்க் இருக்காது, இருந்தாலும் அது மேல கூரையில தொங்குது, இன்புட்டும் ரெண்டுதான். அதனால எல்லாமே ரிசீவர் வழியாப் போறதுதான் சரி. எப்சன் எல்எஸ்12000, ஜேவிசி என்இசட்7, என்இசட்8, என்இசட்9 மாதிரி 4கே 120 எடுக்கற புரொஜெக்டரும் வச்சு, கன்சோல்ல கேமும் ஆடறீங்கன்னா 40 ஜிபிபிஎஸ் ரிசீவர் உங்களுக்கு நிஜமாவே தேவை, தயங்காம வாங்குங்க. சினிமா மட்டும்தான்னா அங்கயும் 18 போதும்.

புரொஜெக்டர்காரங்க ரிசீவர விட அதிகமா யோசிக்க வேண்டியது சுவருக்குள்ள போற பைப்ப. ரிசீவர பத்து நிமிஷத்துல மாத்திடலாம், காடி வெட்டிப் பூசின சுவர மாத்த முடியாது. கேபிள அப்படியே சுவத்துல புதைக்காதீங்க, காலி பைப்பு போடுங்க. எலக்ட்ரீஷியன் வழக்கமாப் போடற முக்கால் இஞ்ச் பைப்புல எச்டிஎம்ஐ பிளக்கு நுழையாது, ஒன்றரை இஞ்ச் கேளுங்க, மூலையில எல்போ வேணாம், நீளமா வளையற பெண்டு போடச் சொல்லுங்க, உள்ள ஒரு நைலான் கயிறு இழுத்து விட்டுடச் சொல்லுங்க. 10 மீட்டருக்கு 48 ஜிபிபிஎஸ் சாதா காப்பர் கேபிள்ல போகாது, ஆப்டிகல் எச்டிஎம்ஐதான் வேணும். அதுக்கு திசை உண்டு, ஒரு முனை ரிசீவருக்கு, ஒரு முனை புரொஜெக்டருக்கு, பைப்புக்குள்ள இழுக்கறதுக்கு முன்னாடி முனையில எழுதியிருக்கறதப் பாத்துட்டு, தரையிலயே மாட்டி ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் இழுங்க.

டிவிக்கு 2, 3 மீட்டர்தான்னா கவலையே இல்ல, அல்ட்ரா ஹை ஸ்பீடுன்னு ஸ்டிக்கரும் அதுல ஸ்கேன் பண்ற கியூஆர் கோடும் இருக்கற கேபிள் ஒண்ணு கன்சோலுக்கு வாங்குங்க, பழைய நல்ல கேபிள் மத்ததுக்கெல்லாம் ஓடட்டும்.

மாட்டி முடிச்சதும் டிவில அந்தக் குறிப்பிட்ட போர்ட்ட முழு வேகத்துக்குத் திறந்து விடணும், பல பேர் இத விட்டுடறாங்க. எல்ஜில எச்டிஎம்ஐ டீப் கலர், சோனில என்ஹான்ஸ்டு பார்மட், சாம்சங்ல இன்புட் சிக்னல் பிளஸ்னு பேரு வச்சிருக்காங்க, டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்ல வீடியோ மெனுல சிக்னல் பார்மட்னு இருக்கும். டிவி சவுண்டு மெனுல இ-ஆர்க்க ஆன் பண்ணி, டிஜிட்டல் அவுட்புட்ட பாஸ் த்ரூவுல வைங்க. அப்புறம் பிஎஸ்5ல செட்டிங்ஸுக்குப் போய் ஸ்கிரீன் அண்ட் வீடியோல வீடியோ அவுட்புட் இன்பர்மேஷன திறந்து பாருங்க, எந்த அளவு, எத்தன ஹெர்ட்ஸ், கலர் எப்படிப் போகுது, எச்டிசிபி எதுன்னு எல்லாம் அங்கயே காட்டும். எக்ஸ்பாக்ஸ்ல 4கே டிவி டீடெயில்ஸ்னு ஒரு பக்கம் இருக்கு, டிவி என்னென்ன எடுத்துக்கும்னு பச்சை டிக் போட்டுக் காட்டும். மச்சான் வீட்ல முதல்ல 120 வரல, டிவில வேற போர்ட்டுல மாட்டியிருந்தான், 4வது போர்ட்டுக்கு மாத்தினதும் வந்துடுச்சு, அந்த 2018 ரிசீவர்ல அட்மாஸ் லைட்டும் எரிஞ்சுது.